சின்ன ஃப்ளையிங் ஸ்கூலுக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டலாமா?

கேள்வி: மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான், பைலட் ஆக வேண்டும் என்கிறான். இரண்டு மூன்று விமானங்கள் மட்டும் வைத்திருக்கும் பயிற்சிப் பள்ளி ஒன்றில் 38 லட்சம் சொல்கிறார்கள். மொத்தமாகக் கட்டினால் 3 லட்சம் தள்ளுபடியாம். எங்களுக்கு இருப்பது வீடும், தென்னந்தோப்பும், கொஞ்சம் வயலும். பேங்க் லோன் கிடைக்குமா? மொத்தமாகக் கட்டிவிடலாமா?

மொத்தமாகக் கட்டாதீர்கள். லோன் கிடைக்கும், ஆனால் தோப்பையும் வயலையும் நம்பி பேங்குக்குப் போகாதீர்கள்.

எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டில் தமிழ், காகிதத்தில் மலையாளம், சந்தைக்குப் பொள்ளாச்சி. என் தம்பி சிபிஎல், அதாவது கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், முடித்திருக்கிறான். பறந்தது அவன், வில்லேஜ் ஆபீசுக்கும் பேங்குக்கும் அலைந்தது நான். அதனால் பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த 38 லட்சத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். இந்த லைசென்சுக்கு, அதைக் கொடுக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ கேட்பது 200 மணி நேரப் பறப்பு. அதில் 100 மணி நேரம் பைலட்-இன்-கமாண்டாக, அதாவது விமானத்துக்குத் தானே பொறுப்பாக இருந்து ஓட்டியிருக்க வேண்டும். ஒற்றை என்ஜின் விமானத்துக்கு மணிக்கு 15,000 ரூபாய் வாக்கில் போட்டால் 200 மணி நேரத்துக்கே 30 லட்சம் ஆகிவிடும். இரட்டை என்ஜின் மணிநேரம் அதைவிட நன்றாகவே கூடுதல். ஹாஸ்டல், சாப்பாடு, கிரவுண்ட் கிளாஸ், பரீட்சைக் கட்டணம், மெடிக்கல், 200-க்கு மேல் பறக்க நேர்ந்தால் அந்த மணிநேரம், இதெல்லாம் உள்ளே வருமா வெளியே நிற்குமா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். ஏர்லைனில் சேர ஏர்பஸ் 320 போன்ற விமானத்துக்கு டைப் ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி, எடுக்க வேண்டும். அது பதினைந்து லட்சம் வாக்கில் தனிச் செலவு. அந்த 38-இல் அது நிச்சயம் இருக்காது.

ஜிஎஸ்டி என்று தனியாக ஒரு வரி போட்டிருந்தால் அதையும் கேளுங்கள். டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற பள்ளி நடத்தும் அங்கீகரிக்கப்பட்ட பறப்புப் பயிற்சிக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2024 அக்டோபரில் சுற்றறிக்கையே வந்துவிட்டது. 18 சதவீதம் என்றால் 38 லட்சத்துக்கு ஏழு லட்சத்தை நெருங்கும்.

சரி, ஏன் மொத்தமாகக் கட்டக் கூடாது? சின்னப் பள்ளி என்றால் மோசமான பள்ளி என்று நான் சொல்லவில்லை. நல்ல இன்ஸ்ட்ரக்டர் ஒருவர் இருந்தால் அங்கே பையன்கள் நன்றாகவே கற்றுக்கொள்கிறார்கள். சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. தம்பி முதலில் சேர்ந்த பள்ளி வேறு மாநிலத்தில், பெயர் வேண்டாம். பறக்கும் நிலையில் இருந்தவை இரண்டு செஸ்னா. ஒன்று என்ஜின் ஓவர்ஹாலுக்குப் போனது, உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். மிஞ்சிய ஒன்றுக்கு நூறு மணி நேர இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் அன்றைக்கு ஹேங்கரில் எல்லாருக்கும் லீவுதான். அது முடிந்தால் மழை, மழை விட்டால் காலையில் மூடுபனி. இன்ஸ்ட்ரக்டர் ஏர்லைனில் வேலை கிடைத்துப் போய்விட்டால் அடுத்தவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். தினமும் சாயங்காலம் மறுநாள் பறப்புப் பட்டியலை ஒயிட்போர்டில் எழுதுவார்கள். தம்பி அதை போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவான். பல வாரங்கள் அவன் பெயரே அதில் இருக்காது.

காத்திருப்பது வெறும் மனக்கஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஹாஸ்டல் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். லைசென்சுக்கு விண்ணப்பிக்கும்போது கடைசி ஆறு மாதத்தில் 15 மணி நேரமாவது பைலட்-இன்-கமாண்டாகப் பறந்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 190 மணி நேரம் முடித்துவிட்டு விமானம் இல்லாமல் எட்டு மாதம் உட்கார்ந்திருந்தவர்கள், 200-ஐத் தாண்டியும் காசு கொடுத்துப் பறந்துதான் விண்ணப்பம் போட்டார்கள். அந்த மணிநேரத்துக்கு யார் பணம் கட்டுவது? பள்ளி கட்டாது.

தம்பிக்கு நாங்கள் 25 மணி நேரத்துக்கு ஒரு தவணை என்று கட்டினோம். பள்ளிக்காரர்கள் முகம் சுளித்தார்கள், கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். ஆறேழு மாதம் எதுவும் நகரவில்லை என்றதும் கணக்கைத் தீர்த்து, என்ஓசி வாங்கி, பறந்த மணிநேரத்தை எழுதும் லாக்புக்கில் கையெழுத்து முத்திரை எல்லாம் சரிபார்த்துக்கொண்டு வேறு பள்ளிக்கு மாறிவிட்டான். பறந்த மணிநேரம் கூடவே வரும். புதிய பள்ளியில் கையைப் பார்ப்பதற்குச் சில மணி நேரம் கூடுதலாக ஓட்டச் சொன்னார்கள், அது எங்கள் செலவு. அவனோடு படித்த பையனின் அப்பா மனையை விற்று மொத்தமும் கட்டியிருந்தார். அவன் எங்கேயும் போக முடியவில்லை. ரீஃபண்ட் கேட்டால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பக்கத்தைக் காட்டினார்களாம்.

தள்ளுபடிக் கணக்கையும் போட்டுவிடலாம். 35 லட்சத்தையும் 10.5 சதவீத லோனில் எடுத்து முதல் நாளே கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். இரண்டு வருஷத்துக்குச் சாதா வட்டி 7.35 லட்சம். தள்ளுபடி இல்லாமல் 38 லட்சத்தை இரண்டு வருஷத்தில் சமமாகப் பிரித்துக் கட்டினால், சராசரியாக 19 லட்சத்துக்குத்தான் வட்டி ஓடும், ஏறக்குறைய 4 லட்சம். வித்தியாசம் 3.35 லட்சத்தைத் தொடுகிறது. அவர்கள் கொடுக்கும் தள்ளுபடியை உங்கள் பேங்க் வாங்கிக்கொண்டு போய்விடும்.

இப்போது லோன். டிஜிசிஏ அங்கீகாரம் உள்ள பைலட் பயிற்சி கல்விக் கடனுக்குத் தகுதியான படிப்புதான், அதில் சந்தேகம் வேண்டாம். வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். 2024-இல் வந்த பிஎம்-வித்யாலட்சுமி என்ற பிணையில்லாத் திட்டம் வேறு. அது தரவரிசையில் மேலே இருக்கும் உயர்கல்வி நிறுவனங்களுக்கானது, நீங்கள் சொல்லும் பள்ளி அதில் வராது. பேங்குகளின் வழக்கமான கல்விக் கடனில் நாலு லட்சம் வரை பிணை கேட்கமாட்டார்கள், ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்து காட்ட வேண்டும். நாலு லட்சத்துக்கு மேல் போனால் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் நம் கைப்பணம் போட வேண்டும்.

நம் பக்கத்து ஆட்கள் மாட்டிக்கொள்வது இந்தச் சொத்தில்தான். விவசாய நிலத்துக்கு சர்ஃபேசி சட்டம் செல்லாது, கடன் நின்றுபோனால் பேங்க் அதை நேரடியாக ஏலம் விட முடியாது. அதனால் தோப்பைக் காட்டினால் மேனேஜர் தலையை ஆட்டுவார், கையெழுத்துப் போடமாட்டார். வயல் இன்னும் கஷ்டம். கேரளத்தின் 2008-ஆம் வருஷத்து நெல்வயல் பாதுகாப்புச் சட்டப்படி, டேட்டா பேங்க் என்ற அரசுப் பதிவேட்டில் வயல் என்று ஏறியிருந்தால் தனி அனுமதி இல்லாமல் அங்கே வீடு கட்ட முடியாது. மதிப்பீட்டாளர் போடும் தொகையைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். எடுபடுவது வீடும் அதைச் சேர்ந்த வளவும்தான். கையில் இருக்க வேண்டியவை: பத்திரம், முன்பத்திரம், இந்த வருஷ நிலவரி (கரம்) கட்டிய ரசீது, வில்லங்கச் சான்று, வில்லேஜ் ஆபீசில் வாங்கும் பொசஷன் சர்டிபிகேட், லொகேஷன் ஸ்கெட்ச். சொத்து கேரளத்தில் இருக்கிறது என்றால் பொள்ளாச்சிக் கிளையில் நேரத்தை வீணாக்காதீர்கள். எனக்கு அங்கே கணக்கு இருந்தும், மலையாளப் பத்திரத்தைப் படித்து ஒப்பீனியன் தர எங்களிடம் வக்கீல் இல்லை, உங்கள் பாலக்காட்டுச் சித்தூருக்கே போங்கம்மா என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான்.

அடுத்தது வருமானச் சான்று. எங்கள் தோப்பு பாதி தேங்காய்க்கு, பாதி கள்ளுக்கு விட்டது. வருமானம் வருகிறது, ஆனால் விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் அப்பா வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ததே இல்லை. லோன் கேட்கும்போது அது பெரிய ஓட்டையாகத் தெரிந்தது. சம்பளக்காரியான நான் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஃபைல் நகர்ந்தது. உங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்குபவர் இருந்தால் அவரை முதலிலேயே உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். வீட்டின் பேரில் 20 லட்சம் எடுத்தோம், மீதியைச் சேமிப்பும் அம்மாவின் நகைக் கடனும் தாங்கின. தோப்பை விற்றுவிடலாமா என்று ஒருநாள் பேச்சு வந்தபோது அப்பா, "அது இருக்கட்டும் பாப்பா, அதுதான் சோறு போடுது" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

லோனில் யாரும் சொல்லித்தராத விஷயம் ஒன்று இருக்கிறது. படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். படிப்புக் காலம் எவ்வளவு? பள்ளி கொடுக்கும் கடிதத்தில் இருப்பதுதான். விளம்பரத்துக்காக 15 மாதம், 18 மாதம் என்று அடித்துக் கொடுப்பார்கள். நிஜத்தில் இரண்டு, இரண்டரை வருஷம் ஆகும். கடிதத்தை நம்பி பேங்க் கணக்கு வைத்தால் லைசென்ஸ் கைக்கு வருவதற்குள்ளேயே இஎம்ஐ வந்து நிற்கும். 30 லட்சம், 10.5 சதவீதம், 15 வருஷம் என்றால் மாதம் 33,000 சொச்சம். கடிதத்தில் 24 மாதம் என்று போடச் சொல்லுங்கள். படிக்கும் காலத்திலேயே மாதாமாதம் வட்டியையாவது கட்டிவந்தால் அசல் ஊதாது. அப்புறம், பணத்தைத் தவணை தவணையாகப் பள்ளிக்கு நேராக அனுப்பும்படி பேங்கிடமே கேளுங்கள். மொத்தமாகக் கட்டச் சொல்லி நச்சரிக்கும் பள்ளிக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்பில் சிபிஎல் படிப்பும் வரும். எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் கேரளத்தின் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். சாதிப் பட்டியலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்பதால் சான்றிதழை முதலிலேயே சரிபாருங்கள்.

அரசுப் பள்ளியாக வேண்டும் என்றால் திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி அகாடமி இருக்கிறது. உத்தரப் பிரதேசம் ஃபர்சத்கஞ்சில் மத்திய அரசின் இக்ருவா இருக்கிறது, அங்கே நுழைவுத் தேர்வு எழுதித்தான் போக முடியும். பெரிய பெயரைப் பார்த்தும் மயங்க வேண்டாம். 2025 அக்டோபரில் டிஜிசிஏ முதன்முதலாகப் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை போட்டபோது ஏ வகையில் ஒரு பள்ளிகூட வரவில்லை, எல்லாம் பி, சி தான். உங்கள் பள்ளி எதில் இருக்கிறது என்று பாருங்கள்.

நேரில் போகும்போது ஆபீசில் காபி குடித்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஹேங்கருக்குள் போய், எத்தனை விமானம் இன்றைக்குப் பறக்கிறது, எத்தனை மூடிவைத்திருக்கிறது என்று எண்ணுங்கள். மாணவர் எண்ணிக்கையை மாணவர்களிடமே கேளுங்கள். பில் எதை வைத்துப் போடுகிறார்கள் என்பதும் முக்கியம். காக்பிட்டில் ஹாப்ஸ் மீட்டர் என்று சின்னதாக ஒரு கடிகாரம் இருக்கும், மணியைப் பத்தாகப் பிரித்துக் காட்டும். 0.1 நகர்ந்தால் ஆறு நிமிஷம், 15,000 ரூபாய்க் கணக்கில் 1,500 ரூபாய். ஏர்லைன் விமானங்கள் வந்துபோகும் ஏர்போர்ட்டில் ரன்வே ஓரம் என்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கும் நேரமும் இதில் ஏறும். தம்பி ஒவ்வொரு முறையும் ஏறும்போதும் இறங்கும்போதும் மீட்டரை போட்டோ எடுத்துவைத்தான். பள்ளி மாறும்போது கணக்கில் வந்த தகராறு அந்த போட்டோக்களால்தான் தீர்ந்தது.

ஒப்பந்தத்தில் தவணை இத்தனை மணி நேரத்துக்கு என்பதும், பறக்காத மணி நேரத்துக்கான பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதும், நடுவில் எரிபொருள் விலை ஏறினால் யார் தாங்குவது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். வாய்வார்த்தை வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் மெடிக்கல். டிஜிசிஏ அங்கீகரித்த டாக்டரிடம் கிளாஸ் 2, அது முடிந்ததும் கிளாஸ் 1. நிறக்குருடு, காது, இதயம் என்று எதிலாவது தட்டினால் லைசென்ஸ் கனவு அங்கேயே நின்றுவிடும், கட்டிய பணம் மட்டும் பள்ளியில் இருக்கும். கிளாஸ் 1 கைக்கு வரும்வரை டோக்கன் அட்வான்ஸ் கூட வேண்டாம், சீட் போய்விடும் என்று எவ்வளவு சொன்னாலும். அந்தக் காத்திருப்பில் பையன் டிஜிசிஏ கம்ப்யூட்டர் நம்பர் வாங்கிப் பேப்பர் எழுத ஆரம்பிக்கலாம், வீட்டிலிருந்தே படிக்கலாம். தம்பி ரெகுலேஷன்ஸ், மெட்டியராலஜி இரண்டையும் அப்படித்தான் முடித்தான். நேவிகேஷனுக்கு மட்டும் கோச்சிங் போக வேண்டியிருந்தது.