‘இதுவும் பொய்யா இருக்கலாம் மிஸ்!’

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். போன மழைக்காலத்தில் ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை’ என்று வாட்ஸ்அப்பில் வந்த போலி நியூஸ் கார்டை நம்பி வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. அதனால் ஒரு பீரியட் ஒதுக்கி, எழுத்துப்பிழை இருக்கிறதா, லோகோ சரியா, ஆச்சரியக்குறி அதிகமா என்று பத்து அடையாளங்களைப் போர்டில் எழுதிப்போட்டு, நிறையப் பொய்ச் செய்திகளைக் காட்டினேன். இப்போது புதுத் தலைவலி. பாடப்புத்தகத்தில் இருப்பதைச் சொன்னால்கூட ‘இதுவும் பொய்யா இருக்கலாம் மிஸ்’ என்கிறார்கள். எங்கே தவறினேன்? வாரம் ஒன்றாக நான்கு பீரியட் கிடைக்கும். ஹைடெக் லேப் உண்டு. இணையம் வரும், போகும்.
– ஓர் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

சறுக்கல் இரண்டு இடத்தில் நடந்திருக்கிறது. அடையாளப் பட்டியல் கொடுத்தது ஒன்று, பொய்களை மட்டுமே காட்டியது இன்னொன்று.

எழுத்துப்பிழை உண்மையான கார்டிலும் வரும். அவசரத்தில் அடிப்பவர் கையில் ‘விடுமுறை’ ‘விடுமுரை’ ஆவது புதிதில்லை. போலி தயாரிப்பவருக்கோ லோகோ, எழுத்துரு எல்லாம் கைபேசியிலேயே கிடைக்கின்றன. அதைவிட முக்கியம், பட்டியல் மாணவனின் கண்ணை அந்தக் கார்டின் மேலேயே நிறுத்திவிடுகிறது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வரலாற்று முனைவர்கள் 10 பேர், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், கல்லூரி மாணவர்கள் 25 பேர் ஆகியோரிடம் இணையப் பக்கங்களைக் கொடுத்து எது நம்பத்தக்கது என்று கேட்டார்கள். முனைவர்களும் மாணவர்களும் பக்கத்தை மேலிருந்து கீழாக வாசித்து, கம்பீரமான பெயரிலும் லோகோவிலும் பல தடவை ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சீக்கிரமே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, புது டேப் திறந்து, இதை நடத்துவது யார், இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைவாகப் படித்தும் சரியான முடிவுக்கு வேகமாக வந்தவர்கள் அவர்கள்தான். வெளியே போய்ப் பார்க்கிற இந்தப் பழக்கம் உங்கள் வகுப்புக்கு வந்தால் பத்து அடையாளங்களையும் அழித்துவிடலாம்.

முதல் பீரியடுக்கு அந்த விடுமுறைக் கார்டையே எடுங்கள். ஆனால் மூன்று விதமாக: முழுக்கப் போலியானது ஒன்று, போன வருடத்து உண்மைக் கார்டில் ஓரத்துத் தேதியை மட்டும் வெட்டியது ஒன்று, கடலூருக்கு அறிவித்த உண்மைக் கார்டு விழுப்புரம் குரூப்புக்குள் வந்தது ஒன்று. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் லோகோ, எழுத்துரு, சொல் எதுவும் பொய்யில்லை. உங்கள் பத்து அடையாளங்களையும் தாண்டி அவை ஜோராக உள்ளே வந்துவிடும் என்பதை மாணவர்களே பார்க்கட்டும். பிறகு நான்கு கேள்விகள்: எந்த மாவட்டம், எந்தத் தேதி, எந்த வகுப்பு வரை, அறிவித்தது யார்? விடை தேடக் கார்டை விட்டு வெளியே போகவேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, கார்டில் லோகோ உள்ள செய்திச் சேனலின் சொந்தப் பக்கம். அதே கார்டு அங்கே இருக்கிறதா, எந்தத் தேதியில் இருக்கிறது? மற்றது, மாவட்ட ஆட்சியரின் அதிகாரபூர்வப் பக்கம். லேபில் இணையம் படுத்துவிடும் நாளுக்காக இரண்டு பக்கங்களின் ஸ்கிரீன்ஷாட்டையும் முந்தின இரவே எடுத்து அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பயிற்சியில் வழக்கமாக ஒரு கோளாறு வரும். கார்டில் உள்ள வாக்கியத்தைத் தேடுபெட்டியில் போட்ட மாணவன், ‘நாலு ஃபேஸ்புக் பக்கத்துல இருக்கு மிஸ், அப்ப உண்மைதான்’ என்பான். நான்கும் ஒரே கார்டின் நகல்கள். முதலில் போட்டது யார், அவருக்கு அது தெரியவந்தது எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் கேட்கவையுங்கள். நான்கு ஒன்றாகச் சுருங்கிவிடும்.

இரண்டாவது பீரியட் படங்களுக்கு. தீபாவளி இரவில் விண்ணிலிருந்து நாசா எடுத்ததாக வருடம் தவறாமல் சுற்றும் வண்ணமயமான இந்திய வரைபடம் இதற்கு அருமையான சரக்கு. அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகத்தின் விஞ்ஞானி கிறிஸ் எல்விட்ஜ் 2003-இல் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு உருவாக்கிய தொகுப்பு அது. வெள்ளை 1992-க்கு முன்பே தெரிந்த நகர விளக்குகள். நீலம், பச்சை, சிவப்பு முறையே 1992, 1998, 2003-இல் புதிதாகத் தெரிந்தவை. அதாவது மக்கள்தொகைப் பெருக்கத்தின் படம், உங்கள் சமூக அறிவியல் பாடத்துக்கே பயன்படும். 2012 நவம்பர் 12 அன்று சுவோமி என்பிபி செயற்கைக்கோள் எடுத்த நிஜமான இரவுப் படத்தை நாசா வெளியிட்டது; அதில் வண்ணமும் இல்லை, வாணவேடிக்கையும் இல்லை. தீபாவளியின் கூடுதல் வெளிச்சம் விண்ணிலிருந்து தெரியாத அளவுக்குச் சொற்பம் என்றும் விளக்கியது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

படத்தைத் தேடும் முறை எளிது: ஸ்கிரீன்ஷாட் எடு, மேலே கீழே ஒட்டிய எழுத்தையும் லோகோவையும் வெட்டு, மிச்சத்தைக் கூகுள் லென்ஸில் போடு, கிடைப்பவற்றில் மிகப் பழைய தேதியைப் பிடி. பாதி மாணவர்கள் வெட்டாமல் போடுவார்கள். அப்போது லென்ஸ் அந்த எழுத்தைப் படித்துவிட்டு, அதே பொய்யைப் போட்ட பக்கங்களையே கொண்டுவந்து கொட்டும். வீடியோ என்றால் கடைப் பெயர்ப்பலகை, வண்டி நம்பர் பிளேட், பேருந்து தெரியும் இடங்களில் மூன்று தடவை நிறுத்தி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும். ‘விரலை எண்ணிப் பார், ஆறு இருந்தால் ஏஐ’ என்று தயவுசெய்து சொல்லித்தராதீர்கள். அந்தக் குறை வேகமாகச் சரியாகிக்கொண்டு வருகிறது. நாளைக்கு ஐந்து விரல் இருந்தாலே உண்மை என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

வீடியோவில் ஒன்றைத் தவறாமல் பேசுங்கள். 2018-இல் பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்லும் காட்சி இந்தியா முழுக்கப் பரவியது. அது கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, வாசகப் பலகையைக் காட்டும் கடைசிப் பகுதி மட்டும் வெட்டப்பட்டிருந்தது. குழந்தைக் கடத்தல் வதந்தி கொதித்துக்கொண்டிருந்த அந்த மே மாதத்தில்தான், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியைக் கூட்டம் அடித்துக் கொன்றது. அந்தக் கொலையின் காட்சியை வகுப்பில் காட்டவே வேண்டாம். வெட்டிய வீடியோவும் முழு வீடியோவும் போதும். அந்த ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குரூப்புக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி ஆக்கியதன் காரணமும் அப்போது புரியும். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது, அனுப்பிய சித்தப்பா எழுதியதில்லை.

இனி உங்கள் தலைவலிக்கு வருவோம். பொய்யை மட்டும் காட்டினால், ‘பொய்’ என்று சொல்பவனுக்கே எப்போதும் மதிப்பெண். அவன் அதைத்தான் கற்றுக்கொள்வான். மூன்றாவது பீரியடில் பத்துத் துண்டுச் சீட்டுகள் கொடுங்கள். ஐந்து உண்மை, அதுவும் நம்ப முடியாத உண்மைகள்: 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டது, 2002-இல் நாகப்பட்டினம் மாவட்டம் நாலுவேதபதியில் ஒரே நாளில் 80,244 மரக்கன்றுகள் நட்டார்கள். மூன்று பொய்: 2,000 ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறது, ‘ஜன கண மன’ உலகின் சிறந்த தேசிய கீதம் என்று யுனெஸ்கோ அறிவித்தது, இப்படி. மிச்சம் இரண்டும் ஊரும் தேதியும் இல்லாத, உண்மையா பொய்யா என்று யாராலும் சொல்ல முடியாத செய்திகள். விடைக்கு மூன்று கட்டங்கள்: உண்மை, பொய், இன்னும் தெரியவில்லை. தேடிய இடத்தையும் கிடைத்ததையும் எழுதினால் இரண்டு மதிப்பெண். காரணமில்லாமல் சரியாக ஊகித்தால் பூஜ்யம். ‘பாடப்புத்தகமும் பொய்யா இருக்கலாம்’ என்கிற பையனிடம் கோபப்படாமல், ‘இருக்கலாம். எங்கே போய்ப் பார்ப்பே?’ என்று மட்டும் கேளுங்கள். ஒரு பீரியட் தேடட்டும்.

சீட்டுகளில் கட்சி, சாதி, மதம் வேண்டாம், முதல் மாதமாவது. அங்கே போனால் தேடுவதை விட்டுவிட்டுத் தங்கள் பக்கத்துக்கு வாதாடத் தொடங்குவார்கள். இலவச லேப்டாப் லிங்க், மருந்துக் குறிப்பு, உதவித்தொகை அறிவிப்பு இவையே ஏராளம்.

போலிக் கார்டை அச்சடித்தால் ‘போலி’ என்று குறுக்காக, நடுவில், எழுத்துகளின் மேலேயே அடியுங்கள். மூலையில் அடித்தால் வெட்டிவிட்டு ஃபார்வர்டு செய்ய ஒரு நிமிடம் போதும். உங்கள் வகுப்பறையிலிருந்தே அது மறுபடி கிளம்பும். போர்டிலும் உண்மையை முதலில் எழுதி, பொய்யை ஒரே ஒரு தடவை மட்டும் சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியம் உண்மைபோலத் தோன்றத் தொடங்கும் என்பதை உளவியல் ஆய்வுகள் 1977 முதலே காட்டி வருகின்றன.

நான்காவது பீரியட் வீட்டுக்கு. குடும்பக் குரூப்பில் பெரியப்பாவை எல்லார் முன்னாலும் திருத்தினால் அவர் இன்னும் இரண்டு அனுப்புவார். ‘பெரியப்பா, இந்தப் படம் 2015-லயே வந்ததாம், லிங்க் அனுப்பியிருக்கேன், பாருங்க’ என்று அவருக்கு மட்டும் தனியாக எழுதும் இரண்டு வரியை நோட்டில் எழுதிப் பழகட்டும்.

முதல் வாரத்துக்கு முன் ஒரு தடவையும் நான்காவது வாரத்துக்குப் பின் ஒரு தடவையும், வேறு வேறு பத்துச் சீட்டுகளை வைத்துச் சோதியுங்கள். மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். பொய்யைப் பிடித்தவை எத்தனை, உண்மையை உண்மை என்றவை எத்தனை என்று இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள். முதல் எண் ஏறி இரண்டாவது இறங்கியிருந்தால், அடுத்த சுற்றில் பொய்ச் சீட்டை இரண்டாகக் குறைத்து, உண்மையை ஆறாக்குங்கள்.