குத்துச்சண்டையின் ஹெவிவெயிட் (அதிக எடை) பிரிவில் 2025 இறுதியில் முதல் ஐந்து பேர் யார்? அமைப்புக்கு அமைப்பு பட்டியல் ஏன் மாறுகிறது?

முதலில் இரண்டாவது கேள்வி. டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ ஆகிய நான்கு உலகக் குத்துச்சண்டை அமைப்புகளும் தங்கள் பட்டத்துக்குச் சவால் விடும் வரிசையைத்தான் வெளியிடுகின்றன. மற்ற அமைப்பின் சாம்பியனை அதில் பொதுவாகச் சேர்ப்பதில்லை. அதனால் ஒரே ஒரு பட்டியலைப் பார்த்து 'இவர்தான் உலகின் மூன்றாமவர்' என்று சொன்னால் தப்பாகிவிடும்.

கடைசி இரண்டு ஆண்டுகளில் யாரை, எப்படி வென்றார் என்று பார்ப்பதே சரி. நாக் அவுட் எண்ணிக்கை ஏமாற்றும். பலவீனமான ஆட்களை வீழ்த்தியே அதை ஏற்றிக்கொள்ளலாம்.

2025 இறுதி நிலவரப்படி என் வரிசை:

1. ஒலெக்சாண்டர் உசிக். 2024இல் முன்னாள் சாம்பியன் டைசன் ஃபியூரியை இருமுறை வென்றார். 2025 ஜூலையில் டேனியல் டுபாவை ஐந்தாம் சுற்றில் இடது ஹூக்கால் (வளைத்து வீசும் இடக்கைக் குத்து) சாய்த்தார். இந்த இடத்தில் விவாதமே இல்லை.

2. அகித் கபயெல். ஜாங் ஜிலெயிடம் ஐந்தாம் சுற்றில் கீழே விழுந்தவர், ஆறாம் சுற்றில் வயிற்றுக் குத்துகளாலேயே ஆட்டத்தை முடித்தார். தலையை மட்டும் காத்துப் பழகிய கனத்த வீரர்களுக்கு இவர் தலைவலி.

3. ஃபேபியோ வார்ட்லி. ஜோசப் பார்க்கருடனான ஆட்டத்தைப் பதினொன்றாம் சுற்றில் நடுவர் நிறுத்தும்படி செய்து வென்றார். தற்காப்பு இன்னும் ஓட்டைதான்.

4. ஜோசப் பார்க்கர். தோற்றாலும் வைல்டர், ஜாங், பகோலே மீதான வெற்றிகள் கைவசம் இருக்கின்றன.

5. டேனியல் டுபா. முன்னாள் சாம்பியன் ஆந்தனி ஜோஷுவாவை ஐந்தாம் சுற்றில் வீழ்த்தியவர்.

ஃபியூரி 2025 ஜனவரியில் ஓய்வை அறிவித்து அந்த ஆண்டு முழுக்க ரிங்கில் ஏறவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.