ஆளெடுக்க அரசுப் பணம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஆலை மூடிக் கிடக்கும்போது, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு அரசு சம்பளம் தருவது வீண்செலவு இல்லையா?

பதில்: இல்லை. கொரோனா காலத்தில் பிரிட்டன் அரசு, வேலையின்றி வீட்டில் இருந்த ஊழியர்களின் சம்பளத்தில் 80 சதவீதம் வரை கொடுத்தது. உச்சவரம்பு மாதம் 2,500 பவுண்டு. 2020 மார்ச்சில் தொடங்கிய திட்டம் 2021 செப்டம்பரில் முடிந்தது. தொழில் தெரிந்த ஆளை அனுப்பிவிட்டால், ஆலை திறக்கும்போது மறுபடி ஒருவரைத் தேடிப் பிடித்துப் பழக்க வேண்டுமே!

கேள்வி: புதிதாக ஆள் சேர்த்தால் சம்பளத்தில் ஒரு பங்கை அரசே தருமாம். என் மகன் இரண்டு வருடமாக வேலை தேடுகிறான். இதனால் அவனைப் போன்றவர்களுக்குப் பலன் உண்டா, முதலாளிகளுக்கு மட்டும்தான் லாபமா?

பதில்: 22 வருடம் ஒரு தொழிற்சாலையில் சம்பளப் பட்டியல் போட்டவன் நான். இப்படி ஒரு மானியம் வந்தபோது எங்கள் நிர்வாகம் ஒன்பது பேரைச் சேர்த்தது. அதில் ஆறு பேர் எப்படியும் சேர்க்க வேண்டியவர்கள். ஓய்வு பெற்றவர்களின் இடம் காலியாக இருந்தது, ஆர்டரும் கையில் இருந்தது. மானியத்துக்காகவே வந்தவர்கள் மூன்று பேர்தான். மானியம் முடியும் தேதியை மேலாளர் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தார். அந்த வாரமே மூவரையும் நிறுத்திவிட்டார்கள். அதில் ஒரு பெண் கணக்கு முடிக்க என் மேஜைக்கு வந்து, "சார், என் வேலையில ஏதாவது குறையா?" என்று கேட்டார். ஒரு குறையும் இல்லை. அதைச் சொல்வதைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

அதனால் கூடுதலாகச் சேர்ந்த ஆளுக்கு மட்டும் பணம் தர வேண்டும் என்பேன். 1977-இல் அமெரிக்கா அப்படித்தான் வரிச்சலுகை கொடுத்தது. முந்தைய வருடத்தைவிட 2 சதவீதத்துக்கு மேல் ஆள்கணக்கைக் கூட்டிய நிறுவனத்துக்குத்தான் அது கிடைத்தது. அப்புறம், வேலையைக் கற்றுத் தேறும் வரைக்குமாவது மானியம் நீடிக்க வேண்டும்.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். 1980 டிசம்பரில் அமெரிக்காவின் டேட்டன் பகுதியில் ஒரு சோதனை நடந்தது. அரசு உதவியில் வாழ்ந்த, வேலை தேடியவர்களில் சிலருக்கு ஒரு சீட்டு கொடுத்தார்கள். அவரைச் சேர்க்கும் முதலாளிக்கு முதல் வருடச் சம்பளத்தில் பாதி, அடுத்த வருடம் கால் பங்கு, ஒரு வரம்புக்குள் திரும்பக் கிடைக்கும். சீட்டு இல்லாமல் தேடியவர்களில் நூற்றுக்கு 21 பேருக்கு வேலை கிடைத்தது. சீட்டு வைத்திருந்தவர்களில் 13 பேருக்குத்தான்! சீட்டைப் பார்த்ததுமே ஆளின் திறமையில் சந்தேகம் வந்திருக்கும் என்று ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

எனவே உங்கள் மகன் மானியத்தைச் சொல்லி வேலை கேட்க வேண்டாம். தனக்குத் தெரிந்த வேலையைச் செய்து காட்டட்டும். சேர்த்துக்கொள்ள அவர்கள் முடிவெடுத்த பிறகு மானியப் படிவத்தைக் கொடுத்தால் போதும். மானியக் காலம் முடிந்த பிறகு பணி நிரந்தரமா என்று தயங்காமல் கேட்டு, பதிலை நியமனக் கடிதத்தில் எழுதி வாங்கச் சொல்லுங்கள்.