இத்தாலிய மொழி தெரியாமல், கதை முழுவதையும் பாடியே நடிக்கும் ஓபராவை எப்படி ரசிக்கிறீர்கள்?

போவதற்கு முன் கதையைப் படித்துவிடுவேன், அவ்வளவுதான். இப்போது பல அரங்குகளில் மேடைக்கு மேலே மொழிபெயர்த்த வசன வரிகளும் ஓடுகின்றன.

என்னை இழுத்துப் போட்டது 1851-இல் வெனிஸில் அரங்கேறிய, இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ரிகொலெட்டோ என்ற ஓபரா. அதன் மூன்றாம் அங்கத்தில் நால்வர் பாட்டு ஒன்று வரும்: விடுதிக்குள் டியூக் என்ற பிரபு மத்தலேனா என்ற பெண்ணிடம் வழிய, அவள் சிரித்து மழுப்ப, வெளியே நின்று அதைப் பார்க்கும், அவனைக் காதலிக்கும் ஜில்டா உடைந்து அழ, அவள் அப்பா ரிகொலெட்டோ பழிவாங்காமல் விடமாட்டேன் என்று உறும, எல்லாம் ஒரே நேரத்தில். நாடகத்தில் நாலு பேர் சேர்ந்து பேசினால் சந்தைக்கடைதான். இங்கே ஜில்டாவின் விம்மல் துண்டு துண்டாக மேலெழுந்து தனியாகக் கேட்கும், அதுவும் மைக் இல்லாமல், முழு ஆர்க்கெஸ்ட்ராவையும் தாண்டி! முதலில் இந்தப் பாட்டைக் கேளுங்கள், நாலைந்து மணி நேரம் ஓடும் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராவெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.