வார ஓய்வு கேட்டால் மெமோ வருமா?

கேள்வி: என் கணவர் சென்னையில் போக்குவரத்துக் காவலர். காலை ஏழு மணிக்கு சிக்னலில் நின்றால் வீடு திரும்ப இரவு ஒன்பது ஆகிறது. மாதத்தில் ஒரு நாள் ஓய்வு கிடைத்தாலே பெரிது. மற்ற அரசு ஊழியர்களைப் போல இவர்களும் சங்கம் வைத்து, சம்பளம், வேலை நேரம் பற்றிப் பேச முடியாதா? "வாய் திறந்தால் மெமோதான்" என்கிறார்.
– வாசகி, சென்னை

பதில்: சகோதரி, சங்கம் என்ற வழி இப்போதைக்கு இல்லை. அரசமைப்பின் 33ஆவது பிரிவு காவல் துறையினரின் உரிமைகளைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதன்படி வந்த 1966ஆம் ஆண்டுச் சட்டம், முன் அனுமதியில்லாமல் தொழிற்சங்கத்தில் சேர்வதைக் குற்றமாக்கியது. இரண்டாண்டு வரை சிறை கிடைக்கலாம். கேரளத்தில் காவலர் சங்கம் 1979 முதல் இயங்குகிறதே என்பீர்கள். அது அந்த மாநில அரசு ஏற்ற சங்கம். இங்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் அது வரும்வரை உங்கள் கணவர் காத்திருக்க வேண்டியதில்லை.

சம்பளத்தையும் ஓய்வையும் ஒரே மனுவில் சேர்க்காதீர்கள். சம்பள விகிதம் மாநில அரசின் ஊதிய விதிகளில் இருக்கிறது. ஆய்வாளரோ, ஏன், ஆணையரோகூட அதைக் கூட்டித் தர முடியாது. வார ஓய்வு அப்படியல்ல. இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2021ஆம் ஆண்டிலேயே அரசாணை வந்துவிட்டது. ஆகவே இதில் பேரம் பேச எதுவுமில்லை. கொடுத்ததைக் கொடுக்கச் சொல்லிக் கேட்கிறார், அவ்வளவே.

முதலில் ஒரு நோட்டில் தினமும் டூட்டி தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்தச் சந்திப்பு, பந்தோபஸ்துக்காக ஓய்வு ரத்தானதா என்று எழுதி வரட்டும். இரண்டு மாதக் கணக்கு கையில் இருந்தால் "எப்போதும் லீவு இல்லை" என்ற புலம்பல் தேதியோடு கூடிய விவரமாகிவிடும். பிறகு ஆய்வாளருக்கு ஒரு பக்க மனு. அரசாணையைச் சுட்டி, ஓய்வு கிடைக்காத தேதிகளைப் பட்டியலிட்டு, இன்ன கிழமை ஓய்வு வேண்டும் என்று கேட்கட்டும். "நாங்கள்" வேண்டாம், "நான்" என்றே எழுதட்டும். பத்துப் பேர் கையெழுத்திட்ட கூட்டு மனுவைக் கட்டுப்பாட்டு மீறலாகக் காட்டுவது எளிது. நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் அவசியம். பதில் இல்லையென்றால் உதவி ஆணையர், துணை ஆணையர் என்று முறையான வழியிலேயே மேலே போகட்டும்.

மெமோ பயம் பொய்யானதல்ல. ஆனால் சட்டத்தின் கண்ணில் கேட்பது குற்றமல்ல, கேட்கும் விதம்தான் குற்றமாகும். வாட்ஸ்அப் குழுவில் அதிகாரியைத் திட்டுவது, சீருடையோடு வீடியோ போடுவது, அனுமதியின்றிப் பத்திரிகைக்குப் பேசுவது, டூட்டிக்குப் போக மறுப்பது ஆகியவைதான் காவலர் ஒழுங்கு விதிகளில் கடும் தண்டனைக்கு வழிசெய்யும் 3(பி) குற்றச்சாட்டில் கொண்டுபோய் விடும். நீங்களும் கவனமாக இருங்கள். காவலர்களை வேலை நிறுத்தத்துக்குத் தூண்டுபவர் யாராக இருந்தாலும் 1922ஆம் ஆண்டுச் சட்டம் தண்டிக்கும். குடும்பத்தாருக்கு அதில் விலக்கில்லை.

கால் நரம்புச் சுருட்டல், இருமல், காது மந்தம் எதுவாவது இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி, சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். புகையிலும் வெயிலிலும் நிற்பவருக்கு நிழலான இடத்திலோ குறைந்த நேரத்துக்கோ டூட்டி கேட்க இதைவிட வலுவான ஆவணம் இல்லை. பல காவலர்கள் உடம்பு முற்றிலும் விழுந்த பிறகுதான் மருத்துவரிடம் போகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

மனுக்கள் எதற்கும் அசையவில்லை என்றால் அதிகாரிகளுக்கு உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். ஒரு காவலர் தொடுத்த வழக்கில்தான் 2021இல் மதுரைக் கிளை எட்டு மணி நேர ஷிப்ட், மற்ற அரசு ஊழியரைவிட 10 விழுக்காடு கூடுதல் ஊதியம் ஆகியவற்றைப் பரிசீலிக்கச் சொன்னது. வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவது அந்த நோட்டையும், கையொப்பம் வாங்கிய நகல்களையும்தான். நோட்டை இன்றிரவே தொடங்கச் சொல்லுங்கள். களைப்பில் அவர் விட்டுவிட்டால் நேரத்தைக் கேட்டு நீங்களே எழுதி வையுங்கள்.