எல்லைப் பள்ளிப் பெற்றோர் கேட்டவை: வகுப்பறையில் பாலின வேறுபாடு பற்றிப் பேசலாமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் 26 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தேன். கடைசிப் பத்து ஆண்டுகள் மாணவர் ஆலோசனைப் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்தேன். திருநர் (திருநங்கை, திருநம்பி) குழந்தைகளையும் தன்பாலீர்ப்பு (தன் பாலினத்தவரிடமே ஈர்ப்பு) உடைய குழந்தைகளையும் ஒதுக்காமல் நடத்துவது பற்றிப் பள்ளிகளில் வகுப்பு எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வாட்சப் வழியாகப் பரவியதிலிருந்து, பெற்றோர் பலர் கலக்கத்தோடு எனக்கு எழுதுகிறார்கள். அவர்களின் பெயரையும் பள்ளியையும் தவிர்த்துவிட்டு, கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேள்வி (வடகரப்பதி, ஆறாம் வகுப்பு மாணவனின் தாய்): டீச்சர், இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் பையனின் மனம் அந்தப் பக்கம் போய்விடாதா? தெரியாமலே இருந்துவிட்டால் நல்லதுதானே?

பதில்: உங்கள் பயம் எனக்குப் புரிகிறது அம்மா. ஆனால் நம் ஊர்களையே நினைத்துப் பாருங்கள். நீங்களும் நானும் படித்த காலத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எந்த ஆசிரியரும் பேசியதில்லை; அப்போதும் நம் தெருக்களில் திருநங்கைகளாக வளர்ந்தவர்கள் இருந்தார்கள், கல்யாணமே வேண்டாம் என்று காரணம் சொல்லாமல் ஒதுங்கி வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு யார் பாடம் நடத்தியது? ஒருவர் யாரிடம் ஈர்ப்புக் கொள்கிறார் என்பது கேட்டுக் கற்றுக்கொள்ளும் விஷயமாக இருந்தால், ஆண் பெண் காதலை மட்டுமே கதையிலும் சினிமாவிலும் பார்த்து வளர்ந்த அவர்கள் வேறுவிதமாக ஆகியிருக்கவே முடியாது. தன்பாலீர்ப்பை நோய்களின் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் 1990 இல் நீக்கியது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் அது நோயல்ல என்று 2018 இல் தெளிவாக அறிவித்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் பையனுக்கு இது தெரியாது என்று நினைக்கிறீர்கள். நான்காம் வகுப்பு வராந்தாவில் 'ஒம்போது' என்று ஒரு பையனைப் பார்த்து இன்னொரு பையன் கத்துவதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கத்தியவனுக்கு அதன் பொருள் முழுதாகத் தெரியாது, ஆனால் அது யாரை அடிக்கும் என்பது தெரியும். குழந்தைகளிடம் இந்த விஷயம் முதலில் வசையாகத்தான் வந்து சேர்கிறது. ஆறாம் வகுப்பில் ஆசிரியர் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்: ஒருவனின் நடையை, குரலை வைத்துக் கேலி செய்யக்கூடாது, யாராவது தகாத விதமாகத் தொட்டால் உடனே பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். அந்த வயதுக்கு இவ்வளவு போதும். அதற்குமேல் போகும் வகுப்பாக இருந்தால் நீங்கள் எழுந்து கேள்வி கேட்பது நியாயம்.

கேள்வி (வேலந்தாவளம், லாரி உரிமையாளர், இரு பிள்ளைகளின் தந்தை): எங்களைக் கேட்காமல் இதை யார் கொண்டுவந்தார்கள்? அரசு உத்தரவா, அல்லது யாரோ சிலரின் விருப்பமா?

பதில்: இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் ஐயா. குழந்தையைப் பாலினம் காரணமாக ஒதுக்கக்கூடாது என்பது சட்டம். திருநருக்குச் சட்டப்படியான அங்கீகாரத்தை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று வழங்கியது. திருநர் கொள்கையை வெளியிட்ட முதல் மாநிலம் நம் கேரளம், 2015 இல். 2019 இல் நாடாளுமன்றம் இயற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் திருநர் மாணவர்களைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொண்டு, படிப்பிலும் விளையாட்டிலும் சம வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் பெண் குழந்தைகளுக்கும் திருநர் குழந்தைகளுக்கும் சேர்த்து ஒரு நிதியைப் பற்றிப் பேசுகிறது.

ஆனால் அதை வகுப்பில் எப்படிச் சொல்வது என்பது இன்னும் ஒரே பாதையில் வந்து நிற்கவில்லை. தேசிய அளவில் பாடநூல்களைத் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி. 2021 இல் இதற்காக ஆசிரியர்களுக்கு ஒரு கையேட்டை வெளியிட்டது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே அது இணையத்திலிருந்து அகற்றப்பட்டது. ஆகவே ஒரு பள்ளியில் நடப்பது இன்னொரு பள்ளியில் நடக்காது. இந்த நிலையில் கேட்பது உங்கள் கடமை. வகுப்பை எடுப்பவர் யார், எந்த வகுப்புக்கு, என்ன சொல்லப் போகிறார், எழுத்தில் இருந்தால் ஒரு பிரதி கிடைக்குமா என்று பெற்றோர்-ஆசிரியர் சங்க (பி.டி.ஏ.) கூட்டத்தில் கேளுங்கள்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், வீட்டுக்கு ஒரு சீட்டுக்கூட அனுப்பாமல் வெளியிலிருந்து ஒரு குழுவை அழைத்துவந்து எட்டாம் வகுப்புக்குப் பேசவைத்தார்கள். பிள்ளைகள் பாதி கேட்டு, மீதியைத் தாங்களாகச் சேர்த்து வீட்டில் சொன்னார்கள். மறுநாள் காலை அசெம்பிளிக்கு முன்பே மூன்று தாய்மார்கள் வாசலில் நின்றார்கள். தலைமை ஆசிரியருக்கு என்ன பேசப்பட்டது என்றே தெரியவில்லை. அந்தத் தாய்மார்களின் கோபத்தில் நான் ஒரு குறையும் காணவில்லை. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் அந்தப் பள்ளியில் இதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளும் கேலிக்கு ஆளான பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம்.

கேள்வி (சித்தூர், தாய்): ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே சீருடை, ஒரே பெஞ்ச் என்கிறார்களே, அதுவும் இதன் பகுதியா?

பதில்: இல்லை. 2021 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் பாலுசேரி அரசுப் பள்ளியில் மேல்நிலை மாணவிகளுக்கு பேன்ட்டும் சட்டையும் கொண்டுவந்தபோது பெரிய விவாதம் எழுந்தது. சீருடையை எங்கும் கட்டாயப்படுத்த மாட்டோம் என்று அரசு 2022 இல் விளக்கிவிட்டது. பஸ் ஏறவும் ஓடவும் வசதியாக ஒரு பெண் பிள்ளை பேன்ட் போடுவது வேறு, பாலின அடையாளம் வேறு. கேரள மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா தேங்காய் துருவும் படம் 2024 இல் வந்ததற்கும் சிலர் இதே முடிச்சைப் போட்டார்கள். அப்பா தேங்காய் துருவினால் சட்னி கிடைக்கும், வேறொன்றும் ஆகாது.

கேள்வி (நாட்டுக்கல், ஒன்பதாம் வகுப்பு மாணவியின் தாய்): கழிப்பறைதான் என் பயம். 'நானும் பெண்' என்று சொல்லிக்கொண்டு ஒரு பையன் என் மகள் இருக்கும் கழிப்பறைக்குள் வந்தால் யார் பொறுப்பு?

பதில்: பெண் பிள்ளையைப் பெற்றவர் இதைக் கேட்காமல் இருந்தால்தான் நான் வருத்தப்படுவேன். எந்தப் பாலினத்தவராக இருந்தாலும் ஒரு குழந்தையிடம் அத்துமீறினால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பாயும். 2012 இல் வந்த அந்தச் சட்டம் ஆண் குழந்தை, பெண் குழந்தை என்று பிரிப்பதில்லை, குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பதையும் தண்டிக்கிறது. இந்தப் பாதுகாப்பில் ஒரு அங்குலமும் குறையப் போவதில்லை.

சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று ஒரு வழக்கில் பள்ளிகளுக்குச் சில வழிமுறைகளைக் கூறியபோது கேட்டது, யாரும் பயன்படுத்தக்கூடிய தனிக் கழிப்பறையை. அது உங்கள் மகள் போகும் இடத்தைத் திறந்துவிடுவதாகாது. உள்ளே தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள ஒற்றை அறை ஒன்று ஸ்டாஃப் ரூம் பக்கத்தில் இருந்தால் போதும். காலில் கட்டுப் போட்ட பிள்ளைக்கும் அது உதவும், முதல் மாதவிடாயில் பதறி நிற்கும் பிள்ளைக்கும் உதவும்.

ஏன் வேண்டும் என்று கேட்பீர்கள். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். மென்மையான பேச்சு, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவனுடைய நீலநிறத் தண்ணீர் பாட்டில் காலையில் நிறைந்து வரும், நான்கு மணிக்கு அப்படியே நிறைந்து திரும்பும். மார்ச் மாத வெயிலிலும் அப்படித்தான். பல வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது: ஆண்கள் கழிப்பறைக்குப் போனால் பெரிய பையன்கள் அவன் டிரவுசரைப் பிடித்து இழுத்து 'நீ என்னடா' என்று பார்க்க முயல்வார்கள். போகாமல் இருப்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருந்தான். சிறுநீர்த் தொற்று வந்து பத்து நாள் படுத்த பிறகுதான் வீட்டுக்கும் தெரிந்தது. தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை இருந்திருந்தால் அவன் தண்ணீர் குடித்திருப்பான்.

கேள்வி (புதுநகரம், தந்தை): எங்கள் மார்க்கம் இதை ஏற்பதில்லை. என் பிள்ளையிடம் பள்ளி வேறு மாதிரிச் சொன்னால் வீட்டில் நான் சொல்வதற்கு மதிப்பு இருக்குமா?

பதில்: இருக்கும் அத்தா. எது சரி, எது பாவம் என்று உங்கள் பிள்ளைக்குச் சொல்லும் உரிமை உங்களுடையது. அதைப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் மார்க்கத்தை இழிவாகப் பேசும் ஆசிரியர் இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள், நானும் உங்கள் பக்கம் நிற்பேன். பள்ளி உங்கள் பிள்ளையிடம் எதிர்பார்க்கக்கூடியது ஒன்று உண்டு: பக்கத்து பெஞ்சில் இருப்பவனை அடிக்கவோ கேவலப்படுத்தவோ கூடாது. கோயிலுக்குப் போகும் பிள்ளையும் பள்ளிவாசலுக்குப் போகும் பிள்ளையும் ஒருவர் நம்பிக்கையை மற்றவர் ஏற்காமலே ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டு வளரும் ஊர் உங்களுடையது. அந்தப் பழக்கம் இங்கேயும் போதும்.

கேள்வி (மீனாட்சிபுரம், தந்தை): வீடு கேரளத்தில், மகள் படிப்பது பொள்ளாச்சியில். எந்த மாநில விதி எங்களுக்குப் பொருந்தும்?

பதில்: பள்ளி எங்கே இருக்கிறதோ அந்த மாநிலத்தின் விதி. மேலே சொன்ன சென்னை உயர் நீதிமன்ற வழிமுறைகள் பொள்ளாச்சிப் பள்ளிக்கு உரியவை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் 2019 சட்டமும் போக்சோவும் செக்போஸ்ட்டின் இரு பக்கமும் ஒன்றுதான்.

கேள்வி (பெயரும் ஊரும் வேண்டாம் என்ற ஒரு தாய்): பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகன், உடன் படிக்கும் ஒரு பையனுக்கு எழுதியதை போனில் பார்த்துவிட்டேன். அவன் அப்பாவுக்குத் தெரியாது. ஒரு டாக்டர் குணப்படுத்துவார் என்கிறார்கள். டி.சி. வாங்கி வேறு பள்ளியில் சேர்க்கட்டுமா?

பதில்: அம்மா, முதலில் அந்த டாக்டரிடம் போகாதீர்கள். மாற்றிவிடுகிறேன் என்று மருந்தோ மின் அதிர்ச்சியோ தருவதைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022 இல் தொழில் ஒழுங்கு மீறல் என்று அறிவித்திருக்கிறது. குணப்படுத்த அங்கே நோய் எதுவும் இல்லை. மந்திரிப்பவரிடம் கொண்டுபோவதும் வேண்டாம். மகனின் மனம் உடைவதும், உங்கள் கைப்பணம் கரைவதும்தான் மிஞ்சும்.

டி.சி. வாங்காதீர்கள். பிளஸ் ஒன் நடுவில் பள்ளி மாறினால் படிப்பு போகும், நண்பர்கள் போவார்கள், ஏன் மாற்றினார்கள் என்று ஊர் தோண்டும். போனைப் பிடுங்கிப் பூட்டினால் அவன் பேசக்கூடிய ஒரே வழியும் அடைபடும். நீங்கள் பார்த்ததை அவனிடம் எப்போது சொல்வது என்று அவசரப்பட வேண்டாம். சொல்லும்போது முதல் வாக்கியம் 'நீ என் பிள்ளை, அது மாறாது' என்பதாக இருக்கட்டும். வயதின் காரணமாக எந்தப் பிள்ளைக்கும் சொல்வதை இவனுக்கும் சொல்லுங்கள்: படிப்பு முக்கியம், படங்களை யாருக்கும் அனுப்பாதே, உன்னைவிடப் பெரியவர் யாராவது தனியாகக் கூப்பிட்டால் என்னிடம் சொல். அப்பாவிடம் சொல்வதை அவனைக் கேட்காமல் செய்யாதீர்கள். கை ஓங்கும் மனிதராக இருந்தால், குடும்பத்தில் அவர் மதிக்கும் ஒருவரை முதலில் உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளியில் ஆலோசகர் இருந்தால், மகன் சொல்வது வெளியே போகாது என்ற உறுதியைக் கேட்டு வாங்கிய பின் அனுப்புங்கள். அவன் சாப்பிடாமல், தூங்காமல், 'நான் இல்லாவிட்டால் நல்லது' என்பது போலப் பேசினால் அன்றே 14416 என்ற மனநல உதவி எண்ணையோ, கேரளத்தின் 1056 ஐயோ அழையுங்கள். குழந்தைகளுக்கான 1098 உம் இருக்கிறது.

இதே நிலையில் ஒரு தகப்பனார் என்னைப் பார்க்க வந்தார். தோப்பிலிருந்து நேராக வந்தவர், வேட்டியில் தேங்காய்க் கறை. பெஞ்சின் ஓரத்தில் பாதி மட்டும் உட்கார்ந்து, வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "அவன் பரீட்சை எழுதுவானா டீச்சர்?" எழுதினான். ஹால் டிக்கெட்டோடு பள்ளி வாசல்வரை மொபெட்டில் கொண்டுவந்து விட்டவர் அவர்தான்.

கேள்வி (முதலமடை, ஓர் ஆசிரியர்): ஒரு மாணவி தன்னை வேறு பெயரில், ஆணாக அழைக்கச் சொல்கிறாள். வருகைப் பதிவேட்டில் என்ன எழுதுவது, வீட்டில் சொல்லலாமா?

பதில்: பதிவேட்டில் ஆவணத்தில் உள்ள பெயரே இருக்க வேண்டும் தம்பி. 2019 சட்டப்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு மாவட்ட ஆட்சியரிடம் திருநர் அடையாளச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிப்பது பெற்றோரோ காப்பாளரோதான். நீங்களாக எதையும் திருத்த முடியாது. தனியாகப் பேசும்போது அந்தப் பிள்ளைக்குக் கூச்சம் தராத விதமாக அழைப்பது உங்கள் கையில் இருக்கிறது. வகுப்பில் நிற்கவைத்து அறிவிக்காதீர்கள்.

பெற்றோரிடம் மறைப்பதை நான் பழக்கமாக்கச் சொல்ல மாட்டேன். பெற்றவர்கள் கடைசியில் அறிவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் பிள்ளைக்குத் தெரியாமல் போன் போட்டுச் சொல்வது அதைவிடப் பெரிய தவறு. 'நீ தயாரானதும் நான் உன்னோடு வருகிறேன், சேர்ந்து சொல்லலாம்' என்று கூறுங்கள். வீட்டில் அடி விழும் என்ற உண்மையான அச்சம் இருந்தால் முதலில் 1098 இல் பேசுங்கள். திருநர் என்ற காரணத்துக்காக மட்டும், நீதிமன்ற ஆணை இல்லாமல், ஒரு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்க முடியாது என்று அதே 2019 சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்வதையும் பெற்றோருக்கு எடுத்துக்கூறுங்கள். 'பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள்' என்ற பயத்தில்தான் பலர் கத்துகிறார்கள்.

கேள்வி (எருத்தேம்பதி, ஒரு பாட்டி, பேரன் எழுதித் தந்தது): சந்தைக்குக் கூட்டிப்போனபோது கைதட்டிக் காசு கேட்டு வந்தவர்களைப் பார்த்து, யார் பாட்டி அவர்கள் என்று பேத்தி கேட்கிறாள். ஏழு வயது. என்ன சொல்வது கண்ணு?

பதில்: 'திருநங்கை' என்று சொல்லுங்கள் பாட்டி; அந்தச் சொல்லோடே பிள்ளை வளரட்டும். பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்பவர் திருநம்பி. 'பையன் என்று நினைத்து வளர்த்தார்கள், அவர்களுக்கு உள்ளே பெண் என்று தெரிந்தது. வீட்டிலும் பள்ளியிலும் திட்டினார்கள், அதனால் படிப்பை விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று, வேலையும் யாரும் தரவில்லை' என்று சொன்னால் ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரியும். காசு கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். அதற்குமேல் அவளாகக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலும், ஏன் திட்டினார்கள் என்றுதான் கேட்பாள்.