வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன், தீராத முதுகுவலி, கழுத்துவலி. 15 ஆயிரம் கொடுத்து நல்ல நாற்காலி வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, குனிந்தபடி நாள் முழுக்க வேலை பார்ப்பவர் என்றே நினைக்கிறேன். எந்த நாற்காலி வந்தாலும் அந்தக் கழுத்து குனிந்துதான் இருக்கும். லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் சிக்கலே. திரையைக் கண்ணுக்கு நேராக உயர்த்தினால் கை அந்தரத்தில் நிற்கும், கைக்குத் தோதாக வைத்தால் தலை தொங்கும்.

நான் கோவையில் மெடிக்கல் பில்லிங் வேலை பார்க்கிறேன், 2020 ஊரடங்கிலிருந்து வீட்டில்தான். வலது தோளில் ஆரம்பித்த வலி மணிக்கட்டு வரை இறங்கி, தோசையைத் திருப்பிப் போடக்கூட முடியாமல் செய்தது. பிசியோதெரபி பார்த்த அக்கா, நான் வேலை செய்யும்போது பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்து வரச் சொன்னார். மேசை உயரமாக இருந்ததால் தோள்பட்டை இரண்டும் காதுப்பக்கம் ஏறியிருந்தது அதில் அப்படியே தெரிந்தது.

தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்கினேன், ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பையனின் பழைய பாடப்புத்தகக் கட்டின் மேல் லேப்டாப் ஏறியது. நாற்காலியில் தலையணை போட்டு உட்கார்ந்ததும் முழங்கை மேசை மட்டத்துக்கு வந்தது. ஆனால் கால் தொங்க ஆரம்பித்தது, அதற்கு மணைப்பலகை. இடுப்புக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தேன். தோசைக்கரண்டியை மறுபடி வலது கையில் பிடித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை இங்கே எழுதி முடியாது.

அப்புறம், எழுந்திருப்பது. பாட்டிலை எடுத்துவிட்டு சின்ன டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொள்கிறேன், தீரும்போதெல்லாம் சமையலறைக்குப் போய்த்தானே ஆக வேண்டும். நான் பேச வேண்டியிராத மீட்டிங் என்றால் லேப்டாப்பை சமையல் மேடையில் வைத்து நின்றுகொண்டே கேட்பேன். என் அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர் என்பதால் இந்தச் செய்தி எனக்கு மறக்காது: லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்தே ஓட்டிய பேருந்து ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தில் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது.

'நம் தாத்தா பாட்டி தரையில் உட்கார்ந்துதானே வேலை செய்தார்கள்' என்று யாராவது கீழே வந்து எழுதுவீர்கள். செய்தார்கள். ஆனால் காலை மாற்றி மாற்றிப் போட்டார்கள், பத்து தடவை எழுந்தார்கள். எட்டு மணி நேரம் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நான் மருத்துவர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கை கால் மரத்துப்போனாலோ, வலி காலுக்கு இறங்கினாலோ மருத்துவரிடம் போங்கள்.

இன்னொன்று, கேள்விக்கு வெளியே போகிறேன் என்றாலும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 2016இலிருந்தே. வாடகைக்கு இருக்கும் எங்களிடம் வீட்டு ஓனர் முதல் யூனிட்டிலிருந்தே காசு வாங்குகிறார், அதுவும் அவராக வைத்த ஒரு ரேட்டில். கேட்டால் 'பகலெல்லாம் ஃபேன் ஓடுதே' என்கிறார். ஆபீஸில் ஏசி ஓடியபோது நானா பில் கட்டினேன்? இப்போது அந்தச் செலவு முழுக்க என் தலையில், கம்பெனியும் ஒரு பைசா தருவதில்லை. வியர்வையில் நனைந்துகொண்டு யார் நிமிர்ந்து உட்காருவார்கள்?

சரி, இதெல்லாம் செய்தும் நாற்காலி வேண்டும் என்றால், கடைக்கு நேரில் போய் கால் மணி நேரமாவது உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள். முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்தால், முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். உயரம் ஏற்றி இறக்க முடியாததை விலை குறைவு என்று தூக்கி வந்துவிடாதீர்கள்.